குருவானவர் இல்லாமலும் நிலைத்த வேதம்: தலைமுறை தாண்டும் மதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவம் போன்ற மதங்கள் பாட்டன், தகப்பன், பேரன் என்று எப்படித் தொடர்கின்றன என்பதைப் பொதுவாகப் பேசினால் பொதுவான பதில்களே கிடைக்கும். ஆகவே இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைச் சுற்றியே அமைகின்றன: ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட யாழ்ப்பாணம், தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறை, ஜப்பானின் நாகசாகிக் கரை. மூன்றிடத்திலும் கத்தோலிக்க வேதம், அதாவது கத்தோலிக்க மதம், 16ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மூன்றிடத்திலும் 17ஆம் நூற்றாண்டில் ஆட்சியாளர் அதை எதிர்த்தனர். மூன்றிடத்திலும் அது அழியவில்லை.

ஒரு மதம் நீடிப்பதற்கு அரசின் ஆதரவுதானே முதற்காரணம்?

பரவுவதற்கு அது பெரிய காரணம். நீடிப்பதற்கும் அதுவே காரணமா என்பதை யாழ்ப்பாணத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது, கத்தோலிக்கக் கோவில்களைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு (புராட்டஸ்தாந்து சபைக்கு) எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் அறிவித்தார்கள். ஒவ்வொரு கோவிற்பற்றிலும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிள்ளையை அனுப்பாத பெற்றோரிடம் தண்டம் வாங்கினார்கள். ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பில் (பதிவேட்டில்) பதியப்பட வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு முதுசச் (பரம்பரைச்) சொத்தில் சிக்கல். ஞானஸ்நானம் பெறாதவருக்கு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் உத்தியோகம் இல்லை. இவ்வளவும் சேர்ந்ததால், சைவக் குடும்பங்கள் உட்பட ஏராளமானோர் சீர்திருத்தச் சபையின் கிறிஸ்தவர்களாகத் தோம்பில் ஏறினார்கள். ஏறத்தாழ 140 ஆண்டுகள், அதாவது ஐந்து தலைமுறை, இந்த ஏற்பாடு நடந்தது.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் தளர்ந்தது, உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்றாயிற்று. ஒரு தலைமுறைக்குள் தமிழ்க் கிராமங்களில் சீர்திருத்தச் சபை ஏறக்குறைய காணாமற்போனது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை கூரையிழந்து பாழடைந்து நின்ற பழைய கோவிற் கட்டடங்கள்தாம். சட்டம், பள்ளிக்கூடம், சம்பளம், தோம்பு எல்லாம் தன் பக்கம் இருந்த சபை போயிற்று. இவற்றில் ஒன்றுகூட இல்லாத கத்தோலிக்க சபை அதே ஊர்களில் உயிரோடு இருந்தது. அரசின் ஆதரவு ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றும். அவர் தம் பிள்ளைக்கு மாலையில் மந்திரம் சொல்லிக் கொடுக்கும்படி செய்ய அதனால் இயலாது என்றே நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன்.

குருவானவரும் கோவிலும் இல்லாமல் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

1658 முதல் 1687 வரை அவர்களோடு தங்கியிருந்து பணி செய்யக் குருவானவர் இல்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள், கூலியாளைப் போல உடையணிந்து தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர், யார் காட்டிக்கொடுப்பவர் என்று தெரியாத ஊரில் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்றும், அந்தச் செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று கவனித்தார் என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. முகம் மாறிய வீடுகள் இருந்தன. 29 ஆண்டுகள் கழித்தும் அந்த மணிகளை அடையாளம் காணும் கண்கள் இருந்தன என்பதே இந்தச் செய்தியில் முக்கியம். அவர் சில்லாலையில் மறைந்திருந்து இரவில் பூசை ஒப்புக்கொடுத்தார். 1689இல் கிறிஸ்மஸ் இரவில் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்துத் தண்டித்த பின்னும் அந்தக் கூட்டங்கள் முற்றாக நிற்கவில்லை.

வாஸ் அடிகள் செய்தவற்றில் நீண்ட காலம் பயன் தந்தது, அவர் ஊர்தோறும் பொதுநிலையினரிடம் பொறுப்பைக் கொடுத்ததுதான். மூப்பர் ஊரின் கூட்டத்தை நடத்துவார், சாவு வீட்டில் மன்றாட்டுச் சொல்வார், ஆபத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கு மந்திரமும் பாட்டும் படிப்பிப்பார். 1705இல் வந்து அவரோடு சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவற்றுள் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஊரவர் ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டு அழும்படி அமைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் குருவானவரை எதிர்பார்த்திருக்கும் ஊருக்கு, குருவானவர் இல்லாமலே நடத்தக்கூடிய பெரிய வெள்ளி ஒன்று கிடைத்தது.

முப்பது ஆண்டு சரி. இருநூறு ஆண்டு குருவானவர் இல்லாமல் இருக்க முடியுமா?

ஜப்பானில் இருந்தார்கள். 1549இல் பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் கரையிறங்கினார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிறிஸ்தவர் இருந்தனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. 1597இல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1644இல் கொனிஷி மன்ஷோ என்ற கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார். அதன் பின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த விகாரையில் பதிந்திருக்க வேண்டும், ஐந்து வீடுகள் ஒரு கட்டாகப் பொறுப்பேற்க வேண்டும், ஒருவர் பிடிபட்டால் மற்ற வீடுகளுக்கும் தண்டனை, காட்டிக்கொடுப்பவருக்கு வெள்ளி. நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி மக்கள் வரிசையாக வந்து, இயேசு அல்லது மாதாவின் உருவம் பதித்த பலகையைக் காலால் மிதிக்க வேண்டும்.

மார்ச் 17, 1865. அயல்நாட்டவருக்காக நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்தின் வாசலுக்கு, உரகாமி என்ற ஊரிலிருந்து பன்னிரண்டு பதினைந்து பேர் வந்தார்கள். உள்ளே செபித்துக்கொண்டிருந்த பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவானவரை ஒரு பெண் அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள்; சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். கடைசிக் குருவானவர் இறந்து 221 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுக்குப் பின்னால் கரையோர ஊர்களிலும் தீவுகளிலும் பல்லாயிரம் பேர் இருந்தார்கள்.

இது நடக்க முடிந்ததற்கு இறையியலுக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு; அதைப் பலர் கவனிப்பதில்லை. கத்தோலிக்க முறைப்படி, அவசர நிலையில் ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம். தண்ணீரும் சரியான சொற்களும் போதும். பூசையும் பாவசங்கீர்த்தனமும் குருவானவர் இல்லாமல் இல்லை. ஆனால் பிறப்பின் வாசல் திறந்தே இருந்தது. ஊர்களில் மூன்று பொறுப்புகள் இருந்தன. ஒருவர் திருநாட்காட்டியைக் காப்பவர்: எந்த நாள் கிறிஸ்து பிறப்பு, எந்த நாள் தவக்காலத் தொடக்கம், எந்த நாளில் எந்த வேலை ஆகாது என்று கணித்துச் சொல்வார். ஒருவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர். ஒருவர் வீடு வீடாகச் செய்தி கொண்டு போகிறவர். இந்த மூன்றும் தகப்பனிடமிருந்து மகனுக்கோ, மூத்தவரிடமிருந்து பயிற்சி பெற்ற இளையவருக்கோ போயின. ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கறுப்புக் கப்பல்களில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள் என்று பஸ்தியான் என்ற உபதேசியார் சொல்லிப் போனதாக ஒரு வாக்கும் அவர்களிடையே வழங்கியது. எண்ணிக்கொண்டு காத்திருக்க ஒரு தொகை இருந்ததும் ஒரு பலமே.

நரகத்தைப் பற்றிய அச்சம்தான் மக்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்கிறார்களே?

அச்சத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அச்சம் மட்டுமே பிடித்து வைத்திருந்தால், அதைவிடப் பெரிய அச்சம் எதிரே வரும்போது பிடி விட்டுப்போக வேண்டும். ஜப்பானில் அரசின் அச்சம் கண்முன் இருந்தது. அந்த மக்கள் பெரும்பாலும் வீர மரணம் அடையவில்லை, பலகையை மிதித்தார்கள். தாங்கள் வணங்கும் முகத்தை ஆண்டுதோறும் தம் காலால் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவை அடைத்து, மனத்துயர் மன்றாட்டைச் சொன்னார்கள். குருவானவர் கிடைக்காதபோது உத்தம மனஸ்தாபத்தினால் (முழு மனத்துயரினால்) பாவமன்னிப்பு அடையலாம் என்று கற்பிக்கும் சிறு நூல் ஒன்று 1603இல், தடை வருவதற்கு முன்னரே, ஜப்பானிய மொழியில் வெளிவந்திருந்தது. அதைப் படியெடுத்தும் மனப்பாடமாகவும் காத்தார்கள். தவறியவன் திரும்பி வருவதற்கு வழி வைத்திருந்த படியினால்தான் தவறியவர்களின் பிள்ளைகளும் அந்த வேதத்திலேயே இருந்தார்கள். ஒருமுறை தவறினால் முடிந்தது என்று சொல்லும் மதம் முதல் தலைமுறையிலேயே அங்கு அழிந்திருக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள செய்திகளில் என்னை அதிகம் தொட்டது இதுவே.

பொருள் புரியாமல் மனப்பாடமாகச் சொல்லும் மன்றாட்டு நம்பிக்கையாகுமா?

சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்ப்பித்து மனப்பாடம் செய்ததுதான். கைமணி அடித்துத் தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, வரி வரியாகச் சொல்ல வைத்தார். அந்தப் பிள்ளைகளை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்க அனுப்பினார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை (உபதேசியார்களை) நியமித்துச் சென்றார். மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்த அண்ட்ரிக் (என்றிக்கே என்றிக்கஸ்) அடிகள் தமிழை ஆழ்ந்து கற்று அவற்றைத் திருத்தினார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அந்த உழைப்பின் பயன். முதலில் நாவில் ஏறியது, பொருள் பின்னால் வந்தது. அந்த வரிசை மாறியிருந்தால் பொருள் வந்து சேர இடம் இருந்திருக்காது.

ஜப்பானில் இக்கிட்சுகித் தீவில் இது எல்லைவரை போயிற்று. அங்கே ஒரஷோ என்ற மன்றாட்டுத் தொகுப்பை இன்றும் சில முதியவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதில் இலத்தீனும் போர்த்துக்கேயமும் ஜப்பானியமும் கலந்து, சொற்கள் தேய்ந்து, சொல்பவருக்கே பல வரிகளின் பொருள் தெரியாது. ஆயினும் ‘குருரியோசா’ என்று அவர்கள் பாடுவது இலத்தீனில் மாதாவைப் பாடும் ‘ஓ குளோரியோசா தோமினா’ என்ற பாடல் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பொருள் போன பின்னும் ஒலி, முதியவரின் குரல், சொல்லும் இடம், சொல்லும் நாள் ஆகியவை எஞ்சின. அதை வெறும் கிளிப்பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் பொருள் முற்றாகப் போன இடத்தில் மன்றாட்டு முன்னோருக்குச் செய்யும் கடமையாக மாறிவிடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

முத்துக்குளித்துறையில் வேதம் நிலைத்தது சாதிக் கட்டுப்பாட்டினால்தானே?

பெருமளவுக்கு ஆம். அக்கரையின் கடற்றொழிலாளரான பரதவர் 1530களில் கூட்டமாகத்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள்; கடலில் போட்டியாளரிடமிருந்து தப்பப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பது அதன் வெளிப்படையான காரணம். பெர்னாண்டோ, கோமஸ், மச்சாது, ரொட்ரிகோ என்று அன்று ஏறிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சாதித் தலைவரே சபையின் காவலராகவும் இருந்தார். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்து, தங்கள் சபைக்கு வரும்படி வற்புறுத்தியபோது அவர்கள் இணங்கவில்லை. சலுகை காட்டியும் பலிக்கவில்லை.

பாதுகாப்புக்காக ஏற்ற வேதம் என்றால், பாதுகாப்பு போன அன்றே அதை விட்டிருக்க வேண்டும். இடைப்பட்ட ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அது கலியாணம், பெயர், அடக்கம், திருநாள் எல்லாவற்றோடும் பின்னிப்போயிருந்தது. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் திருநாள் ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவுறும். 1806இல் தங்கத்தேர் முதன்முறையாக ஓடியது. அந்தத் திருநாளுக்கு வெளியூரிலிருந்து வருகிற பிள்ளையிடம் மாதாவை நம்புகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வந்தாய் என்றுதான் கேட்பார்கள். இந்தக் கட்டு ஒருவரைத் தாங்குவதோடு மற்றவரை வெளியே நிறுத்தியும் வைத்தது. கோவிலுக்குள்ளும் கல்லறையிலும் சாதிப் பிரிவு பார்த்த வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. நீடித்ததற்கான விலை அதுதான் என்று சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது.

வீட்டில் தாய்மாரின் பங்கு எவ்வளவு?

ஆவணங்களில் தெரிவதைவிட அதிகம். தோம்பை எழுதியவர்கள் ஆண்கள், வழக்கு விசாரித்தவர்கள் ஆண்கள்; ஆகவே மூப்பரின் பெயர் எழுத்தில் நிற்கிறது, விளக்கு வைத்ததும் பிள்ளைகளை முழந்தாளில் இருத்தியவரின் பெயர் நிற்பதில்லை. ஓவுராவில் முதலில் வாய் திறந்தது பெண் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் சில இடங்களில் கிறிஸ்தவம் ஏன் முற்றாக மறைந்தது?

சீனாவின் சீயான் நகரில் 781இல் நட்ட கல்வெட்டு ஒன்று, 635இல் அலோபென் என்ற துறவி கிறிஸ்தவ வேதத்தைக் கொண்டுவந்ததைப் பேரரசர்களின் புகழோடு சொல்கிறது. 845இல் வேற்று மதங்களை ஒடுக்கும் ஆணை பிறந்தது. பத்தாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே தேடிப்போனவர்கள் கிறிஸ்தவரைக் காணவில்லை. அந்தச் சபை பெரும்பாலும் அயல்நாட்டு வணிகர்களோடும் துறவி மடங்களோடும் நின்றிருந்தது. மடம் கலைந்ததும் மன்றாட்டைச் சொல்லச் சீனக் குடும்பங்கள் போதிய அளவில் இல்லை.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அரபியர் ஆட்சியின் கீழ் எகிப்தும் வட ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியும் ஒரே நூற்றாண்டில் வந்தன. புனித அகுஸ்தினாரின் நாடான அந்த மேற்குப் பகுதியில் சபை சில நூற்றாண்டுகளில் அணைந்தது; எகிப்தில் கொப்தியர் என்ற அந்நாட்டுக் கிறிஸ்தவர் ஏறத்தாழ பத்தில் ஒருவராக இன்றும் இருக்கிறார்கள். மேற்கில் சபை இலத்தீன் பேசும் நகரங்களைச் சார்ந்திருந்தது, நகரத்தார் கடல் கடந்து போனார்கள். எகிப்தில் அது உழவர் ஊர்களிலும் பாலைவன மடங்களிலும் ஊர்மொழியிலும் இருந்தது.

அடக்குமுறையைத் தாண்டிய மதம் சுதந்திரம் வந்த பின் தேய்வது ஏன்?

1873இல் ஜப்பானிய அரசு தடைப்பலகைகளை அகற்றியது. அதற்கு முன் உரகாமியிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஏறத்தாழ 3400 பேரில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் அந்த நாடுகடத்தலில் இறந்திருந்தார்கள். தடை நீங்கியதும் ஒரு பகுதியார் திருச்சபையோடு சேர்ந்தார்கள். மற்றவர்கள், முன்னோர் மறைவில் செய்தபடியே செய்வோம் என்று தனித்து நின்றார்கள். அந்தத் தனிக் குழுக்களை வதை கலைக்கவில்லை. இளைஞர்கள் வேலை தேடி நகரம் போனதும், முறை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் பொறுப்பாளர் இறந்ததும்தான் கலைத்தன.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஒரு கத்தோலிக்கர் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, கத்தோலிக்கத் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, கத்தோலிக்க வானொலியைக் கேட்டு வாழ முடிந்தது. சீர்திருத்தச் சபையாருக்கும் அப்படியே தனி உலகம் இருந்தது. 1954இல் ஆயர்கள் சோசலிச வானொலியைக் கேட்பதற்கு எதிராகவே கட்டளை விடுத்தார்கள். 1960களில் அந்த மதில்கள் விழுந்தன. ஒரே தலைமுறையில் கோவில் இருக்கைகள் காலியாயின. 2017ஆம் ஆண்டுக்கான அரசுப் புள்ளிவிவரத்தில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எம்மதமும் சாராதவர்கள். நல்வாழ்வு அரசு, தொலைக்காட்சி, கல்வி எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்குப் படுவது, பிள்ளைக்கு வேதம் கொடுக்கும் வேலையை வீடுகள் நிறுவனங்களிடம் விட்டுவிட்டிருந்தன. நிறுவனம் தளர்ந்தபோது அந்த வேலையைத் திரும்ப ஏற்க வீடுகளுக்குப் பழக்கம் இல்லை.

இத்தனை காலம் நீடித்ததே அந்த மதம் உண்மை என்பதற்குச் சான்றாகுமா?

ஆகாது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட மதங்கள் நீடித்திருக்கின்றன. சைவமும் அதே யாழ்ப்பாணத்தில் அதே ஒல்லாந்தர் காலத்தை, கோவில்கள் இடிக்கப்பட்ட நிலையிலும், வீட்டுக்குள்ளிருந்து கடந்து வந்தது.

பெற்றோர் சொன்னதற்காக ஏற்ற நம்பிக்கை ஒருவருடைய சொந்த நம்பிக்கையாகுமா?

தாய்மொழியையும் யாரும் தெரிந்தெடுத்துக் கற்பதில்லை. ஆயினும் அதில்தான் ஒருவர் தம் சொந்தச் சொல்லைச் சொல்கிறார். மொழியைப் போலன்றி வேதத்தை வளர்ந்தபின் மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு, அது இருக்கவும் வேண்டும். உரகாமி மக்கள் நாடு கடத்தப்பட்ட இடங்களில், வேதத்தை மறுத்தால் வீடு திரும்பலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சிலர் மறுத்தார்கள். பலர் மறுக்கவில்லை. பெற்றோரிடமிருந்து வாங்கியதை அவர்கள் அந்த நாளில் தாமே ஏற்றார்கள்.

புலம்பெயர்ந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு இது தொடருமா?

ஜெர்மனியின் கெவெலார் மாதா திருத்தலத்தில் 1987 முதல் ஆகஸ்ட் மாதத்தில் தமிழர் யாத்திரை நடந்துவருகிறது. கத்தோலிக்கரோடு சைவரும் வருகிறார்கள், இலங்கையின் மடு மாதா கோவிலுக்கு வந்ததைப் போலவே. அந்த ஒரு நாளில் தமிழ்ப் பாட்டும் தமிழ்ப் பூசையும் ஊர்ச் சனமும் உண்டு. ஆண்டில் மற்ற 364 நாட்களுக்கும் என்ன உண்டு என்பதை ஒவ்வொரு வீடும் தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது: மாலையில் சேர்ந்து சொல்லும் மன்றாட்டு உண்டா, அதைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் சொல்வதா, பாட்டியின் மொழியில் சொல்வதா, அல்லது முதலில் பாட்டியின் மொழியில் சொல்லிப் பின் பொருளைப் பிள்ளையின் மொழியில் விளக்குவதா. மூன்றாவது வழியில் நேரம் அதிகம் செலவாகும். சவேரியாரின் பிழையான தமிழுக்கும் அண்ட்ரிக் அடிகளின் திருந்திய தமிழுக்கும் இடையே முத்துக்குளித்துறையார் நடந்த வழி அதுதான்.